பேச்சிக்காக நான் பேசியது

மே 11, ஞாயிறு

இந்த ஊரில் எங்களைப் போன்ற பரிமாற்ற மாணவர்கள் கூடிப் பேச ஒரே இடம் பூங்காதான். காபிக் கடையில் உட்கார்ந்தால் கையைக் கடிக்கிறது. விடுதி அறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் கட்டிலில் ஏற வேண்டும். அதனால் வகுப்பு முடிந்ததும் விடுதிக்குப் பின்தெருவில் இருக்கும் பூங்காவுக்கு வந்துவிடுகிறோம். இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், புல்தரை, ஓரமாக ஒரு பூப்பாத்தி. வாசலில் பலகை: பந்து விளையாடக் கூடாது, சத்தம் கூடாது, குப்பையை வீட்டுக்கு எடுத்துப் போகவும். மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். ஜப்பானியக் குழந்தைகள் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு பூங்கா எங்களுடையது.

இன்று ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் கிளாரா, பிரேசில்காரன் தியாகோ, நான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பேச்சி வந்தாள், கையில் டிபன் டப்பா.

"ஏ சம்யு! புளிச்சோறு கிண்டிருக்கேன். எல்லாருக்கும் குடு."

பேச்சியம்மாள் கோவில்பட்டிப் பக்கம். அரசுக் கல்லூரியிலிருந்து உதவித்தொகையில் வந்தவள். விடுதியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் சென்னையில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்தேன். அவளுக்கு எழுத்துக்கள் மட்டும்தான் தெரியும். அதனால் வங்கி, நகராட்சி அலுவலகம், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் அவளுடைய வாய் நான்.

புல்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டாள். தியாகோ அவளைப் போலவே கையால் எடுத்துப் பார்த்துச் சிரித்தான். அவள் போனதும் "உன் தோழியா?" என்று கிளாரா கேட்டாள்.

"ஒரே விடுதி" என்றேன்.

மே 15, வியாழன்

துணி துவைத்தேன். எரியும் குப்பை நாள் என்று தெரியாமல் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். திரும்பி வந்திருக்கிறது, ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டு.

மே 29, வியாழன்

பூங்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகள் வந்து பூப்பாத்தியில் சாமந்தி மாதிரி ஏதோ நாற்று நட்டார்கள். வட்டாரச் சங்கத்துப் பெண்கள் உதவி செய்தார்கள். தலைவி நிஷிதே என்ற அம்மாள், எழுபது வயதிருக்கும், தொப்பியும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும். ஒவ்வொரு நாற்றுக்கும் பக்கத்தில் நட்ட குழந்தையின் பெயர் எழுதிய குச்சி. பேச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 5, வியாழன்

கிளாரா எறிந்து பிடிக்கும் பறக்கும் தட்டு வாங்கி வந்தாள். பந்து இல்லையே, அதனால் தடை இல்லை என்றான் தியாகோ. ரொம்ப நாளுக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு முறை தட்டு பூப்பாத்திப் பக்கம் போய் விழுந்தது. எடுத்தோம். வெளிச்சம் குறைந்ததும் கிளம்பிவிட்டோம்.

பேச்சியும் வந்திருந்தாள். ஊஞ்சலில் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் போனில் தெருவே கேட்கிற மாதிரி பேசிவிட்டு, எங்களுக்கு முன்பே போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

காலையில் விடுதி மேலாளர் யோஷிதா என்னையும் பேச்சியையும் கீழே கூப்பிட்டார். வரவேற்பறையில் நிஷிதே அம்மாள் உட்கார்ந்திருந்தார். பூப்பாத்தி மிதிபட்டிருக்கிறதாம். பெயர்க் குச்சிகள் ஒடிந்து, இடம் மாறி இருந்தனவாம். நாயோடு நடக்கப் போன ஒருவர், தூரத்திலிருந்து, பாத்திக்குள் ஒரு இந்திய மாணவியைப் பார்த்தாராம்.

கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "வியாழன் மாலை பூங்காவில் இருந்தது உங்களில் யார்?" என்று கேட்டார். பேச்சி என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்காங்க?"

சொன்னேன். அவள் உடனே, "ஆமா, இருந்தேன். அம்மாகிட்ட பேசிட்டு இருந்தேன். பூவ நான் தொடவே இல்லன்னு சொல்லு சம்யு. அந்தப் பிள்ளைங்க நட்டதப் போயி நான் மிதிப்பேனா?" என்றாள்.

மொழிபெயர்த்தேன், சுருக்கமாக. நிஷிதே அம்மாளின் முகம் இளகியது. நான் குனிந்தேன். பேச்சியும் என்னைப் பார்த்துக் குனிந்தாள். நாளைக் காலை பூங்காவுக்கு வர முடியுமா, சேர்ந்து மறுபடி நடலாம் என்று பேச்சியிடம் கேட்டார்.

"பாத்தியா, நம்பிட்டாங்க. நல்ல பொம்பளை" என்றாள் பேச்சி, படியேறும்போது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பேச்சி இரண்டாவது வாரமாகப் போனாள். திரும்பி வந்து என் கதவைத் தட்டினாள். கை முழுக்க மண், முகம் முழுக்கச் சிரிப்பு.

"சம்யு, அவங்க என்னப் பாத்து அடிக்கடி ஒண்ணு சொல்லுதாங்க. ஹன்செய், ஹன்செய்னு. நான் நல்லா ஹன்செய் பண்ணுதேனாம். அப்படின்னா என்ன?"

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கப் போனேன்.

"சேர்ந்து வேலை செய்யிறது."

"ஓ. நம்ம ஊருல கூட்டு வேலைன்னு சொல்லுவோமே, அது மாதிரியா?"

"அது மாதிரிதான்."

ஜூன் 22, ஞாயிறு

மழை. இருந்தும் போயிருக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

தூங்க முடியாமல் இதை எழுதுகிறேன் என்றெல்லாம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரசம் கொதித்து மேடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 7 அன்று நான் சொன்ன ஜப்பானிய வாக்கியம் இது: "அவள் பூங்காவில் இருந்தாள். மிகவும் வருந்துகிறாள்."

முதல் பாதி அவள் சொன்னது. இரண்டாவது பாதி அவள் சொல்லாதது. முன்கூட்டி யோசித்து வைத்த வாக்கியம் இல்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. இலக்கணம்கூடப் பிசகவில்லை.

ஹன்செய் என்றால் தன் தவறை எண்ணி வருந்துவது.

ஜூலை 20, ஞாயிறு

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. கோடையில் காலையில் பூங்காவில் வானொலியைப் போட்டு ஊரே உடற்பயிற்சி செய்கிறது. பேச்சி அதற்கும் போகிறாள். இன்று என்னையும் இழுத்துப் போனாள். அவளைக் கண்டதும் பாலர் பள்ளிக் குழந்தைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு ஏதோ கத்தினார்கள்.

"என்னைய என்னன்னு கூப்பிடுதுங்க?"

"பூவை மிதித்த அக்கா" என்று கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அது வசவு இல்லை, வெறும் பெயர். பெரியவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பூக்கார அக்கான்னு" என்றேன்.

"பூக்கார அக்காவா! ஊருக்குப் போயிச் சொன்னா எங்கம்மா சிரிப்பா." கைகளை மேலே தூக்கி, வானொலிக்காரர் சொல்கிற தாளத்துக்குத் தப்பும் தவறுமாகக் குனிந்து நிமிர்ந்தாள். பக்கத்திலிருந்த நிஷிதே அம்மாள் அவள் முழங்கையைப் பிடித்துச் சரியாக நீட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேச்சியின் ஜப்பானிய மொழி வளர்கிறது. புத்தக மொழி இல்லை, இந்த ஊர்க் கிழவிகள் பேசுகிற மொழி. வாக்கியத்தை இழுத்து முடிக்கிறாள். கடைக்காரர் சிரித்து ஒரு வெள்ளரிக்காய் கூடுதலாகப் போடுகிறார். மருந்துக்கடைக்குத் தனியாகப் போய் வந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

மாலையில் புல்தரையில் கிளாரா சொன்னாள், "நமக்கு அதிர்ஷ்டம், பழி அவள் மேல் போயிற்று." தியாகோ, "அவள்தான் சந்தோஷமாக இருக்கிறாளே" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தட்டு பூப்பாத்தியில் விழுந்தபோது எடுக்கப் போனவள் நான். கிளாராவும் வந்தாள், தட்டைப் பிடுங்க இருவரும் முட்டிக்கொண்டு விழுந்தோம். எழுந்தபோது கால் வைத்த இடமெல்லாம் நாற்று. கிளாரா சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். நான் மட்டும் குனிந்து ஒடிந்த குச்சிகளை நட்டு வைத்தேன். எந்தக் குச்சி எந்தச் செடிக்கு என்று தெரியவில்லை. கை போன இடத்தில் செருகினேன். நாய்க்காரர் பார்த்தது அப்போதுதான் இருக்கும்.

இதை எழுதுவதற்கு இவ்வளவு நாளாயிற்று.

அக்டோபர் 9, வியாழன்

வியாழன்தோறும் எல்லா நிலை மாணவர்களும் சேர்ந்து ஜப்பானிய மொழியில் பேசிப் பழகும் வகுப்பு உண்டு. விடுமுறை நாளில் என்ன செய்கிறீர்கள் என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பேச்சி எழுந்து நின்றாள். அவளே எழுந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்காவில் நிஷிதே அம்மாவோடு ஹன்செய் செய்கிறேன். மிகவும் சந்தோஷமாக இருக்கிறது."

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். "ஏன், என்ன தப்பு செய்தீர்கள்?" என்று கேட்டார்.

பேச்சிக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை பலகையில் அந்தச் சொல்லை எழுதி, ஒரு சின்ன மனித உருவம் வரைந்து, தலையைக் கவிழ்த்து, எளிய சொற்களில் விளக்கினார். பேச்சி நின்றபடியே கேட்டாள். "ஓ" என்றாள். "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் தேடினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வழக்கம் போல பூங்காவுக்குப் போனாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருவேளை ஏதோ சொல் மாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டேன், இரண்டு எடுத்துக் கொடுத்தாள். சாதாரணமாகத்தான் இருக்கிறாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

இப்போதெல்லாம் அவள் என்னிடம் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்பதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பூங்காவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் நாள். உதிர்ந்த இலைகளைக் குவித்துத் தீமூட்டி, கிழங்கைத் தாளில் சுற்றி உள்ளே போடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களையும் அழைத்திருந்தார்கள். கிளாரா, தியாகோ எல்லோரும் வந்தோம்.

நிஷிதே அம்மாள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சிறிதாகப் பேசினார். "தவறு எல்லோரும் செய்வதுதான். ஆனால் பேச்சி-சான் மாதிரி வாரம் தவறாமல் வந்து அதைச் சரி செய்தவர்களை நான் பார்த்ததில்லை. இந்தப் பாத்தி இப்போது அவளுடையது." எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைகள் "பூவை மிதித்த அக்கா" என்று கத்தினார்கள்.

பேச்சி தலை குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டாள். பிறகு தீயின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. எதற்கோ காத்திருக்கிற மாதிரி ஒரு பார்வை. நான் கிழங்கை ஊதிக்கொண்டிருந்தேன். கிளாரா என் விலாவில் இடித்தாள்.

நவம்பர் 3, திங்கள்

விடுமுறை நாள். ஸ்டேஷன் கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு நிஷிதே அம்மாளின் வீட்டுக்குப் போனேன். இங்கே மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்களாம். வாசற்படியிலேயே நின்று சொன்னேன், மிதித்தது நான், பேச்சி மறுத்தாள், நான் மாற்றிச் சொன்னேன் என்று. வீட்டிலேயே ஒத்திகை பார்த்த வாக்கியங்கள்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளிடம் சொல்லிவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

பெட்டியை இரண்டு கையாலும் என் பக்கம் திருப்பித் தள்ளினார். "குழந்தைகளிடம் நான்தான் சொன்னேன், இந்த அக்காதான் மிதித்தாள் என்று" என்றார். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

திரும்பி நடக்கும்போது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நெஞ்சு லேசாக இருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மாலை பேச்சி வந்தாள். உள்ளே வா என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"நிஷிதே அம்மா வந்தாங்க. நம்ம விடுதி வரவேற்பறையில, எல்லாரும் பாக்க, தரையில முட்டி போட்டு தலை படுற மாதிரி குனிஞ்சாங்க. நான் பதறிப்போயி தூக்குனேன். அவங்க அழுதாங்க. நானும் அழுதேன்."

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் பேச்சி. நேத்தே போய்..."

"யாருகிட்ட சொன்ன?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு அந்த வகுப்புலயே தெரிஞ்சுபோச்சு. பிள்ளைங்க கூப்பிடுறதுக்கும் அகராதில பாத்துட்டேன். இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவா, வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவான்னு இருந்தேன். நேத்து கிழங்கு சுடையில கூட நெனச்சேன். இல்ல, முந்தாநேத்து."

"தெரிஞ்சும் ஏன் அங்க போயிட்டே இருந்த?"

"நான் ஏன் போகக் கூடாது? முதல்ல எதுக்குக் கூப்பிட்டாங்களோ, எனக்கென்ன. போகப் போக என்னைய எனக்காகத்தான கூப்பிட்டாங்க. இந்த ஊருல எனக்குன்னு இருந்த எடம் அது ஒண்ணுதான். உங்க புல்லுல வந்து உக்காந்தா நீங்க எப்படிச் சிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

"இனிமே நான் போனா களை பிடுங்க விடுவாங்களா? உக்காரு உக்காருன்னு டீ ஊத்துவாங்க. என்னப் பாக்கும்போதெல்லாம் அவங்களுக்குக் கூசும். ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு சம்யு. அதக் கொண்டுபோயி அந்தப் பொம்பளை தலையில வச்சிட்ட."

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் அறைக்கதவு மூடும் சத்தம் கேட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பூங்காவுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நிஷிதே அம்மாள் ஒரு நொடி பார்த்துவிட்டு, ஒரு ஜோடி கையுறையை நீட்டினார். வாடிய செடிகளைப் பிடுங்கினேன். மற்றப் பெண்கள் என்னிடம் மிகுந்த மரியாதையோடு பேசினார்கள், அலுவலகத்தில் பேசுகிற மாதிரி. பேச்சி வரவில்லை. பாட்டி வயதுள்ள ஒருத்தி அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 12, புதன்

அவள் கதவைத் தட்டி, "மன்னிச்சிரு பேச்சி" என்றேன். இந்த முறை ஒத்திகை பார்க்கவில்லை, அதனால் அதற்கு மேல் எதுவும் வரவில்லை. "சரி" என்றாள். அந்தச் சரி எதற்கு என்று தெரியவில்லை. உள்ளே கடுகு தாளித்த வாசனை வந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

கிளாராவிடம் வட்டாரச் சங்கத்துக்கு மன்னிப்புக் கேட்க நீயும் வா என்றேன். "முடிந்துபோன விஷயத்தை ஏன் கிளறினாய்?" என்றாள். புல்தரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தைரியம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர்களும் கூப்பிடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

குளிர். மண் விரல்களில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. குழந்தைகளில் ஒருத்தி "அக்கா எங்கே?" என்று என்னிடம் கேட்டாள். பூவை மிதித்த அக்கா என்று சொல்லவில்லை. பெரியவர்கள் திருத்தியிருப்பார்கள். "மிதித்தது நான்தான்" என்று அவளிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது தெரியும். அந்த அக்கா எங்கே?" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று துலிப் கிழங்கு நடும் நாள். நான் போனபோது மூன்று நான்கு பெண்கள் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. பேச்சி.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் பயந்தது போலவே நடந்தது. ஒருத்தி மடக்கு நாற்காலியை விரித்தாள், ஒருத்தி பிளாஸ்கைத் திறந்தாள். நிஷிதே அம்மாள் மறுபடி குனியப் போனார். பேச்சி அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, இந்த ஊர்க் கிழவிகளின் இழுவையோடு ஜப்பானிய மொழியில் சத்தம் போட்டாள்.

"இப்படிக் குனிந்துகொண்டே இருந்தால் இடுப்புப் போய்விடும், அப்புறம் கிழங்கை யார் நடுவது? டீ பிறகு. மண்வெட்டியைக் கொடுங்கள்."

நிஷிதே அம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நாற்காலியை மடக்கி வைத்தார்கள்.

பாத்தியில் காலி இடம் என் எதிரில்தான் இருந்தது. பேச்சி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் குழி தோண்டினோம். அவள் என் குழியைப் பார்த்துவிட்டு, ஜப்பானிய மொழியில், புதிதாக வந்த ஆளிடம் பேசுகிற பணிவோடு, "ஆழம் போதாது. இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள்" என்றாள்.

தோண்டினேன். "இவ்ளோ போதுமா பேச்சி?" என்று தமிழில் கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. மண்ணைக் கையால் உதிர்த்தபடி ஜப்பானிய மொழியிலேயே சொன்னாள்.

"மன்னிக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள். தமிழ் மற்றவர்களுக்குப் புரியாது."

பக்கத்தில் இருந்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் கவனிக்கவில்லை. இந்த ஊரில் நான் தமிழில் பேச வேறு ஆள் கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

ஜப்பானிய மொழியில் கேட்டேன். பதற்றத்தில் ஒரு சொல் பிசகிவிட்டது. அவள் திருத்தினாள். திருத்தியபடி மறுபடி சொன்னேன். தலையாட்டிவிட்டு, அடுத்த கிழங்கை எடுத்து என் கையில் வைத்தாள்.